திண்ணைத் தோழர்களும் சிப்காட் சிறார்களும்



மதீனா நகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பின்புறத்தில், பேரீச்ச மட்டையால் வேயப்பட்ட ஒரு சாய்ப்பு இருந்தது. ‘ஸுஃப்பா’ என்பது அதன் பெயர். ஊரையும் உறவையும் துறந்து, உடுத்த துணியன்றி வேறொன்றும் இல்லாதவர்களாய் வந்து சேர்ந்த ஏழை முஹாஜிர்கள் பலர் அங்கேதான் தங்கியிருந்தனர். ‘திண்ணைத் தோழர்கள்’ என்று அவர்களைத் தமிழில் குறிப்பிடுவது நம் ஆலிம்களின் வழக்கம். மதீனத்துத் தோட்டக்காரர்கள் பேரீச்சங் குலைகளைக் கொண்டு வந்து பள்ளியில் தொங்கவிடுவார்கள். பசித்தவர்கள் கோலால் தட்டி உதிர்த்து உண்பார்கள். இச்செய்தியை நாம் மீலாது மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம்.

ஆனால், அதே திண்ணையில் அவர்களுக்கு எழுத்தும் ஓதலும் கற்பிக்கப்பட்டன என்பதையோ, கற்பித்தவர் யார் என்பதையோ நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கற்பித்தவர்களுள் ஒருவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள். அவர் ஊர்விட்டு வந்தவர் அல்லர். மதீனாவின் கஸ்ரஜ் குலத்தில் பிறந்த பெருமகனார். பத்ருக் களம் கண்டவர். அத்தகையவர் திண்ணையில் அமர்ந்து வந்தேறிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மாணவர் ஒருவர் நன்றியறிதலாக ஒரு வில்லைக் கொடுத்தார். ‘இது பணமன்று, இறைவழியில் எய்வதற்குத்தானே பயன்படும்’ என்று அவருக்குத் தோன்றியது. எனினும் மனம் ஒப்பாமல் பெருமானாரிடம் சென்று கேட்டார். நெருப்பாலான வளையம் ஒன்று உம் கழுத்தில் பூட்டப்படுவதை நீர் விரும்பினால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்ற பொருள்படும் விடை கிடைத்தது. அபூதாவூது இமாம் அவர்களின் தொகுப்பில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

(பிற்காலத்து ஃபிக்ஹு மேதைகள், ஆசிரியர்கள் பிழைக்க வழியில்லாது போனால் கல்வியே அழிந்துவிடும் என்று கண்டு, கற்பிப்பதற்கு ஊதியம் பெறுவதை அனுமதித்தனர். மதரஸா ஊதியத்திலேயே குடும்பம் நடத்திய அடியேன் இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.)

இந்த வில்லின் கதை இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தாயார் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய மகன் கோலாலம்பூரில் கணினித் தொழிலில் இருக்கிறான். ஞாயிறுதோறும் செலாயாங் என்னும் பகுதிக்குச் சென்று, அங்குள்ள ரோஹிங்கியா அகதிகளின் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறானாம். “ஹஜ்ரத், லீவுக்கு ஊருக்கு வான்னா, ‘புள்ளைங்களுக்குப் பரீட்சை வருது உம்மா, முடிச்சுட்டு வர்றேன்’ங்கிறான். சம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுல நன்மை இருக்கா, இல்ல வேலையத்த வேலையா?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை செய்யும் பணி எத்தகையது என்பதை அறிய, அந்நாட்டு நிலையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. (நம் இந்தியாவும் இடவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.) ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தில் பதிந்துகொண்டு அங்கே வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மியன்மாரின் அரக்கானிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்கள். அவர்களின் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. ஆகவே கடைகளின் மாடியிலும் வாடகை வீட்டிலும் தொண்டு அமைப்புகளும் அகதிச் சமூகத்தாரும் நடத்தும் சிறு கல்வி நிலையங்களே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அங்கே பாடம் சொல்பவர்களில் அகதிகளே பலர். மற்றவர்கள் இந்த இளைஞனைப் போன்ற தொண்டர்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்க தேசத்துக் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தனர். அங்கும் நெடுநாள் முறையான பாடத்திட்டம் இல்லாமலே குழந்தைகள் காலம் கழித்தனர். பள்ளி வயதுள்ள அகதிக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இன்றும் உலகெங்கும் பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்று ஐ.நா. ஆணையத்தின் அறிக்கைகள் கூறுகின்றன.

அத்தாயாருக்கு என் விடை, “நன்மை உண்டு, சந்தேகம் வேண்டாம்” என்பதே. ஆனால் மகனிடம் தொலைபேசியில் பேசியபோது இரண்டொரு கேள்விகள் கேட்டேன். அந்நாட்டு விசா விதி இதற்கு இடம் தருகிறதா என்பது முதற்கேள்வி. உரியவர்களிடம் கேட்டு அறிந்த பிறகே தொடங்கியதாகச் சொன்னான். எத்தனை நாள் செய்யப் போகிறாய் என்பது அடுத்தது. “ரெண்டு வருஷம் ஆச்சு ஹஜ்ரத்” என்றான்.

இதைக் கேட்டதற்குக் காரணமுண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு நாட்டிற்குச் சென்று, அகதிக் குழந்தைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதும் இன்று தொண்டு என்றே பேசப்படுகிறது. ஏற்கெனவே வீட்டையும் நண்பர்களையும் இழந்த குழந்தை அது. அன்பு காட்டிய ஒருவர் மூன்று வாரத்தில் மறைந்தால், மறுபடியும் ஒருவரை இழக்கிறது. அடுத்து வருபவரிடம் அது ஒட்டுவதில்லை. வருவோர் போவோரை எல்லாம் விசாரணையின்றிக் குழந்தைகளிடம் அனுமதிப்பதில் வேறு கேடுகளும் உண்டு. பெற்றோர்களாகிய உங்களுக்கு அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

முதல் ஆறு மாதம் தான் ஒன்றுமே கற்பிக்கவில்லை என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. குழந்தைகள் வீட்டில் பேசுவது ரோஹிங்கியா மொழி. தெருவில் பேசுவது மலாய். இவனுக்குத் தெரிந்தவை தமிழும் ஆங்கிலமும். கரும்பலகையில் எழுதியது ஒருவருக்கும் எட்டவில்லை. கடைசியில் ஒரு சிறுமி இவனுக்கு ஆசிரியையாகி, ‘ஸாத்து, டுவா, தீகா’ என்று மலாயில் எண்ணக் கற்றுக் கொடுத்தாளாம். அதன் பிறகே கூட்டலும் கழித்தலும் தொடங்கின.

வாசகர்களே, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அண்ணலார் பணித்தபோது, அந்த இளைஞர் பதினைந்து நாள்களுக்குள் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதியில் வருகிறது. கடிதம் எழுதவும், வந்ததைப் படிக்கவும் அண்ணலாருக்கு நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டியிருந்தது. அடுத்தவரின் மொழியைக் கற்பது நபிவழியில் இடம்பெற்ற செயலாகும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். ஊர்விட்டு வந்த குழந்தைக்கு நோட்டும் பேனாவும் பிறகு கிடைத்தாலும் போதும். அதன் சொல் புரிந்த பெரியவர் ஒருவர் முதலில் கிடைக்க வேண்டும்.

பேச்சை முடித்து எழும்போது அத்தாயார் இன்னொன்றைக் கேட்டார். “கடலூருக்கு பஸ்ஸுல போறப்ப, சிப்காட் பக்கம் வடநாட்டுக்காரங்க புள்ளைங்க சும்மா திரியுதுங்களே ஹஜ்ரத், அதுங்களுக்கு யாரு இருக்கா?”

அதற்கு என்னிடம் விடை இல்லை.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டிக் கிடக்கும் சிப்காட் தொழிற்பேட்டையை இம்மாவட்டத்தார் அனைவரும் அறிவர். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஆகிய ஊர்களுக்கு நடுவே, 1980களில் தொடங்கி இரசாயனம், சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி என ஆலைகள் எழுந்தன. காற்றின் நெடியைப் பற்றியும் ஆற்று நீரைப் பற்றியும் அவ்வூர் மக்கள் பல்லாண்டுகளாகப் போராடி வருவது தனிக்கதை. பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இன்று இத்தகைய ஆலைகளிலும் கட்டுமான வேலைகளிலும் உழைக்கிறார்கள். பெரும்பாலோர் தனியாகத்தான் வருகிறார்கள். குடும்பத்தோடு வருவோர் குறைவு. அக்குறைவானவர்களின் குழந்தைகளைத்தான் அத்தாயார் பேருந்துச் சன்னல் வழியே கண்டிருக்கிறார்.

ஜும்ஆத் தொழுகைக்கு இத்தொழிலாளர்களில் முஸ்லிமானோர் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதிப் பள்ளி ஒன்றில் நான் குத்பா ஓதச் சென்றபோது, வாசலில் ஒரு தகப்பனும் ஒன்பது வயது மதிக்கத்தக்க மகனும் நின்றிருந்தார்கள். பீகாரின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். என் உருதுவைக் கேட்டதும் தகப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. பையன் இரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்குச் செல்லவில்லை என்றும், ஒரு பள்ளியில் கேட்டதற்கு மாற்றுச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னார்கள் என்றும், பிறகு தாம் போகவேயில்லை என்றும் கூறினார். தாயும் வேலைக்குப் போவதால் தங்கையைப் பார்த்துக்கொள்வது பையனின் பொறுப்பாயிற்று. மருந்துக் கடையில் தகப்பனுக்காகத் தமிழில் பேசுவதும் அவனே. தெருவில் பொறுக்கிய தமிழ், எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

“அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன், நானே பள்ளிக்கு அழைத்துப் போகிறேன்” என்று வாக்களித்தேன். நோட்டு ஒன்று வாங்கி, அவன் பெயரை உருதுவிலும் தமிழிலும் எழுதி வைத்தேன். அடுத்த வெள்ளி ஒரு திருமணம். அதற்கடுத்த வெள்ளி வேறொரு ஊரில் பட்டமளிப்பு விழா. மூன்றாம் வெள்ளியும் ஏதோ ஒரு காரணம். நான்காம் வெள்ளி நான் சென்றபோது அக்குடும்பம் அங்கே இல்லை. ஒப்பந்த வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று பக்கத்து அறைக்காரருக்குத் தெரியவில்லை. வாக்குறுதியைப் பற்றி நான் எத்தனை குத்பா ஓதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அன்று எனக்குத் தெரியாமலிருந்து பின்பு தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்வது கடமையாகும். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதும் காரணமாகாது. இடையில் படிப்பை விட்ட குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். சேர்ந்துவிட்டால் பாடநூல் உண்டு, மதிய உணவு உண்டு. தொடக்கப் பள்ளியானால் காலை உணவும் உண்டு. இத்தனையும் அப்பையனுக்கு உரியவை. அவன் தகப்பனுக்கு இதைச் சொல்ல ஒருவர் இல்லை. சொல்லத் தெரிந்த மொழி வைத்திருந்த நான் மூன்று வெள்ளிகளைத் தவறவிட்டேன்.

இது புதிய துறையன்று. நம் மாவட்டமே இதைக் கண்டிருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கடல் கடந்து நம் மாநிலத்துக்கு வந்தனர். காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம், அம்பலவாணன்பேட்டை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. 1984இல் தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியை முதற்பணியாக எடுத்துக்கொண்டது. முகாமில் சற்றுப் படித்த இளைஞர்களும் பெண்களுமே மாலை வகுப்புகளில் ஆசிரியர் ஆனார்கள். 1991க்குப் பிறகு சில காலம் முகாம் பிள்ளைகளின் படிப்புக்குப் பல இடர்கள் நேர்ந்தன. பின்னர் அவை விலகின. 2021இல் அம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றப்பட்டது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே மொழி என்பது பெரிய வசதியாயிற்று.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் கதையை மறக்க முடியுமா? 1990 அக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரத்தில் ஊரைக் காலி செய்யுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வட மாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்நாள்களில் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளம் சென்று சேர்ந்தனர். அங்கே பள்ளிகள் பிள்ளைகளால் நிரம்பி வழிந்தன. உடன் ஓடிவந்த ஆசிரியர்கள் தாமும் அகதிகளாய் இருந்துகொண்டே பாடம் நடத்தினார்கள்.

அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் சில ரோஹிங்கியாக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகத் தங்கியிருக்கின்றன. அவர்களின் குழந்தைகள் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். கோலாலம்பூரில் மூடியிருக்கும் அரசுப் பள்ளிக் கதவு கேளம்பாக்கத்தில் திறந்திருக்கிறது என்பதை அந்தப் பரங்கிப்பேட்டை இளைஞனிடம் சொன்னபோது அவன் சற்று நேரம் பேசவில்லை.

இனி, நம் இல்லங்களின் பக்கம் வருகிறேன். லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் பத்திருபது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ரியாதிலும் துபாயிலும் பீகாரியோடும் வங்காளியோடும் ஓர் அறையில் தங்கி, ஒரு சட்டியில் சமைத்துத் தின்றவர்கள். இந்தி அவர்களுக்கு வீட்டு மொழியைப் போல வரும். மதரஸாவில் ஓதிய எங்களில் பலருக்கு உருது தெரியும். சிப்காட் குழந்தைக்கு முதலில் தேவைப்படும் பொருள் இவ்வூர்களின் திண்ணைகளில் வெற்றிலை மென்றுகொண்டு சும்மா கிடக்கிறது என்று சொன்னால் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. (நானும் வெற்றிலைக்காரன்தான்.)

‘அவர்களில் முஸ்லிம்கள் எத்தனை பேர்?’ என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பாதிக்கும் மேல் முஸ்லிமல்லாதவர்கள் என்றால் என்ன செய்வாராம்? பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில், மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்களை அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்து விடுதலை அளித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த ஆசிரியர்கள் இஸ்லாத்தை எதிர்த்து வாளெடுத்து வந்தவர்கள். எழுத்துக் கற்பவனின் மார்க்கத்தையோ கற்பிப்பவனின் மார்க்கத்தையோ அங்கே யாரும் கேட்கவில்லை. கணக்கும் தமிழும் சொல்லித் தருகிறேன் என்று அழைத்துவிட்டு அக்குழந்தையின் சமயத்தில் கைவைப்பது அமானித மோசடி என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஸகாத்துப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். ஏழை முஸ்லிம் குடும்பத்துக்கு அதை உடைமையாக்கிக் கொடுக்கலாம். வழியில் தவிக்கும் பயணியும் திருமறை கூறும் எட்டு வகையாருள் ஒருவர். மற்றக் குழந்தைகளுக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள், அதற்குத் தடையில்லை.

அத்தாயார் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டித் திரும்பிய நண்பர் ஒருவரையும், ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டிலிருக்கும் அவர் மருமகளையும் அழைத்துக்கொண்டு, சிப்காட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மாலை வகுப்பொன்றைத் தொடங்கினோம். வீட்டுக்காரர் தம் தாழ்வாரத்தைத் தந்தார், அவர் முஸ்லிமல்லர். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியையிடம் முன்பே சொல்லி, எங்கள் மூவரின் விவரமும் எழுதிக் கொடுத்தோம். பள்ளிக்கு மாற்றாக இவ்வகுப்பு இருக்கக் கூடாது, பள்ளியில் கொண்டு சேர்க்கும் படியாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மையார் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவே சரி. முதல் வாரம் நான்கு குழந்தைகள், இப்போது பதினொன்று. அவர்களுள் ஏழு பேர் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். இருவர் சேர்ந்து, பெற்றோரின் வேலை மாறியதால் போய்விட்டார்கள். இம்முறை போகும்முன் சான்றிதழும், தகப்பனின் தொலைபேசி எண்ணும் வாங்கி வைத்தோம். தங்கச்சி, தம்பியைக் கவனிக்க வேண்டிய பிள்ளைகள் அவர்களையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகின்றன. தாழ்வாரத்தின் ஒரு மூலையில் பாய் விரித்திருக்கிறோம்.

பெருநாள் விடுப்பில் ஊருக்கு வந்த அந்தக் கோலாலம்பூர் இளைஞன் மூன்று மாலைகள் வந்து பெருக்கல் வாய்ப்பாடு நடத்தினான். அவனுடைய இந்தி மிகவும் மோசம். குழந்தைகள் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள்.

எங்கள் நண்பரின் இந்தியால் பீகார்க் குழந்தைகளும் ஜார்க்கண்ட் குழந்தைகளும் தேறிவிடுகிறார்கள். வங்காளக் குழந்தைகளுக்கும் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிடுகிறார். ஒடிசாவிலிருந்து வந்த இரு சகோதரிகள்தாம் வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பத்து வயதிருக்கும். நண்பர் இந்தியில் கேட்டால் தலையை மட்டும் அசைக்கிறாள். புரிந்து அசைக்கிறாளா, அஞ்சி அசைக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கட்டாக்கிலோ புவனேசுவரத்திலோ வியாபாரம் செய்து, ஒடியா பேசத் தெரிந்தவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், செவ்வாய், வியாழன் மாலை அஸருத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் அவரை எங்களுக்குத் தாருங்கள்.